ஏறாத உந்துகாலும் எழுதாத நூலும்

வெள்ளாற்றின் தென்கரையில் உள்ளது இலப்பைக்குடிக்காடு. எதிர்க்கரையில் திட்டக்குடி. ஆண்டின் பெரும்பகுதியும் மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கும் இவ்வாற்றில் இங்கே படகைக் காண்பது அரிது. இதே ஆறு கிழக்கே சென்று பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் கடலைத் தொடும்போதுதான் படகுக்கு உரியதாகின்றது. அத்தகைய உள்நாட்டூரில் அமர்ந்துகொண்டு படகின் மின்பழுதைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் நகைக்கலாம். நகைக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் இம்மண்ணில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் அடுப்பு எரிவது எதனால்? கடலுக்கு அப்பால் வளைகுடா நாடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இவ்வூர் இளைஞர் ஈட்டியனுப்பும் கூலியினால். அக்கூலியைத் தின்னும் பழுது எதுவோ, அது இவ்வூரின் பழுதே.

யான் முப்பது ஆண்டுகள் கிணற்று மின்னோடிகளுக்குச் சுருள் கட்டிப் பிழைத்தவன். விடுமுறையில் ஊர் வந்திருந்த இளைஞர் ஒருவர், “ஐயா, உங்களுக்கு மின்னோடி தெரியும், நான் செய்த பிழை என்ன என்று சொல்லுங்கள்” என்று கேட்டு வந்தார். வளைகுடாக் கரையில் இன்பச் செலவுப் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் அவர்க்கு வேலை. ஒரு படகின் பின்புறத்துக் கால் இறங்குகின்றது, ஏறவில்லை. மேற்பார்வையாளர் மின்னோடி கெட்டதென்று சொல்ல, இவர் அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். அப்போதும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொருவர் வந்து, அறுந்துபோன ஒரு மெல்லிய கம்பியைக் கண்டுபிடித்தார். வேண்டாது வாங்கிய மின்னோடியின் விலை இவருடைய சம்பளத்தில் மூன்று திங்களாகப் பிடிக்கப்பட்டது. பெட்டியோடு வந்த வழிகாட்டித் தாள் ஆங்கிலத்திலும் வேறுசில ஐரோப்பிய மொழிகளிலும் இருந்ததாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இவர் அதில் படங்களை மட்டும் பார்த்தார்.

இவர் கையில் திறமை இல்லையா? மின்னோடியைக் கழற்றி எண்ணெய் சிந்தாமல் மீண்டும் பூட்டத் தெரிந்த கை அது. இல்லாதிருந்தது பழுதைத் தேடும் வரிசை. அவ்வரிசை ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய மறைபொருள் அன்று. கண், காது, எளிய எண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் எந்த மொழியிலும் சொல்லக்கூடியது. தமிழில் அதைச் சொல்லிக் காட்டாமல் தமிழால் முடியும் என்று மேடையில் முழங்குவது வெற்றாரவாரம். ஆகலின் இங்கே சொல்லியே காட்டுவேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். இவ்வகைப் படகில் பொறி உள்ளே, அமரத்தை ஒட்டி இருக்கும். (படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் நம் கடலோர மக்கள் வழங்குவர், இச்சொற்களை எந்தக் குழுவும் ஆக்கித் தரவில்லை.) பொறியின் சுழல்விசையைப் பின்சுவருக்கு வெளியே கொணர்ந்து நீருக்குள் இறக்கி உந்துசுழலியைச் சுற்றுவது, கால்போலத் தொங்கும் ஓர் உறுப்பு. பட்டறையில் ‘லெக்கு’ என்றே சொல்கிறார்கள். யான் அதனை உந்துகால் என்கிறேன். அமெரிக்கப் பொறிஞர் சிம் வின் என்பாரின் கருத்தை ஏற்றுச் சுவீடன் நாட்டு வோல்வோ பெந்தா நிறுவனம் 1959-இல் இதனை வெளியிட்டது. 1961-இல் மெர்குரூசர் வந்தது. நம் கரையின் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் கையால் தூக்கும் புறப்பொறிகளையே தாங்குவதால், இவ்வமைப்பை நம்மவர் பார்ப்பது அயல்நாட்டில்தான்.

உந்துகால் ஒரே நிலையில் நிற்பதன்று. படகு புறப்படும்போது அதனை நன்கு இறக்கி வைத்தால் அணியம் மிகத் தூக்காமல் படகு விரைந்து நீர்மேல் எழும். எழுந்தபின் சிறிது ஏற்றினால் இழுப்புக் குறைந்து ஓட்டம் இலேசாகும். ஆழமற்ற நீரிலும், படகை இழுவண்டியில் ஏற்றும்போதும் இன்னும் உயர்த்தியாக வேண்டும். இதற்கென எண்ணெயை அழுத்தும் எக்கி ஒன்று, அவ்வெக்கியைச் சுற்றும் 12 வோல்ட்டு மின்னோடி ஒன்று, காலின் இருமருங்கும் இரண்டு உருளைகள். மின்னோடி ஒருபுறம் சுழன்றால் ஏற்றம். மறுபுறம் சுழன்றால் இறக்கம். ஏற்றம் என்னும் சொல்லைக் கேட்டதும் அவ்விளைஞர் சிரித்தார். அவருடைய பாட்டனார் இறைத்த கிணற்றேற்றம் அவர் நினைவுக்கு வந்துவிட்டது.

மின்னோடி குடிக்கும் மின்னோட்டம் பெரிது. ஓட்டுபவர் கையருகே உள்ள சிறு குமிழும் மெல்லிய கம்பியும் அதனைத் தாங்கா. எனவே குமிழ் ஒரு சிறிய மின்னோட்டத்தை மட்டும் அனுப்பும். அது எக்கியின் அருகிலுள்ள ஒரு சுருளைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு செம்புத் தகட்டை இழுத்துப் பெரிய வடத்தை இணைக்கும். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என இவை இரண்டு. பட்டறையில் ‘ரிலே’ என்றும் ‘சொலினாய்டு’ என்றும் இதற்குப் பெயர்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. ‘உணர்த்தி’ என்று ஓர் அகரமுதலியில் கண்டதை யான் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. ‘இடைத்தொடுப்பி’ என்றேன், அதுவும் வாயில் நுழையவில்லை. சற்று நேரம் எண்ணிவிட்டு, “ஐயா, இது கங்காணி மாதிரி. மேலே இருந்து சின்னக் குரலில் சொன்னதை வாங்கிக் கீழே பெரிய வேலையை ஏவிவிடுகிறது” என்றார். ஏவுவது ஏவி. அவ்வளவுதான். முப்பதாண்டு அதனைக் கையில் பிடித்த எனக்கு இச்சொல் தோன்றவில்லை.

இனிப் பழுதுக்கு வருவோம். முதற்கருவி காது. குமிழை அழுத்தும்போது ஒருவர் எக்கியருகே நின்று கேட்க வேண்டும். ஓசையே இல்லை; ‘டக்’ என்னும் தட்டு மட்டும் கேட்கிறது; மின்னோடி சுழலும் ஓசை கேட்டும் கால் அசையவில்லை; இம்மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றாவது மின்பழுதன்று, எண்ணெய் குறைந்ததோ, காற்றுப் புகுந்ததோ, அடைப்பிதழ் கசிவதோ, எக்கி தேய்ந்ததோ என்று அப்பக்கம் போகவேண்டும். மற்ற இரண்டே நமக்குரியவை.

தட்டும் இல்லை என்றால் ஏவிக்கு ஏவல் வந்து சேரவில்லை, அல்லது வந்தும் ஏவி எழவில்லை என்பது பொருள். உருகிகளைப் பார்க்க. மெர்குரூசர் எக்கிகள் பலவற்றில் 110 ஆம்பியர் உருகி ஒன்று எக்கியின் மேலும், 20 ஆம்பியர் உருகி ஒன்று குமிழுக்குச் செல்லும் வழியிலும் இருக்கும். பெரியது நன்றாயிருக்கச் சிறியது போயிருந்தால், மின்னோடி நலமாயிருந்தும் ஊமையாகவே நிற்கும். உருகி நன்றென்றால், ஏற்றக் குமிழை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, ஏற்ற ஏவிக்கு வரும் மெல்லிய கம்பியில் ஆய்வு விளக்கை வைக்க. அக்கம்பி நீலத்தில் வெள்ளைக் கோடிட்டது. இறக்கத்துக்கு உரியது பச்சையில் வெள்ளைக் கோடிட்டது. விளக்கு எரிந்தும் ஏவி தட்டவில்லையேல், அதன் எதிர்முனைத் தொடுப்பைப் பார்த்துவிட்டு, அதுவும் நன்றாயின் ஏவியையே குற்றஞ்சாட்டலாம். விளக்கு எரியவில்லையேல் குற்றம் குமிழுக்கும் ஏவிக்கும் நடுவில். அப்போதும் ஒவ்வோர் அங்குலமாகத் தேட வேண்டுவதின்று. வழியின் நடுவிலுள்ள ஓர் இணைப்பைத் தொட்டுப் பார்த்தால் செம்பாதி வழி குற்றமற்றதென்று விலகிவிடும். எஞ்சியதில் மீண்டும் நடுவில் தொடுக.

‘டக்’ என்று தட்டிவிட்டு நின்றுபோகும் நோயே மிகுதியாக ஏமாற்றுவது. மின்கலத்தில் அளவியை வைத்தால் 12.6 வோல்ட்டு காட்டும். ஏவிக்கு வரும் பெரிய வடத்தின் முனையிலும், மின்னோடி ஓடாதபோது, 12 வோல்ட்டுக்குமேல் காட்டும். இரண்டும் நன்றென்று கண்டவர் மின்னோடியைக் கழற்றப் போய்விடுவார். ஆனால் ஒரு வடத்தில் ஐம்பது இழைகளில் நாற்பத்தெட்டு இற்றுப்போய் இரண்டே மிஞ்சியிருந்தாலும் அளவி முழு வோல்ட்டையே காட்டும். அளவி மின்னோட்டத்தை ஏறத்தாழக் குடிப்பதே இல்லை. நம் உழவர் இதனை நன்கறிவர்: கிணற்றடியில் விளக்கு நன்றாக எரியும், மின்னோடியைப் போட்டதும் விளக்கு மங்கி, மின்னோடி உறுமிவிட்டு நிற்கும். சுமை ஏறும்போதுதான் வழியின் நோய் வெளிப்படும். ஆகவே குமிழை அழுத்திச் சுமை ஏற்றிக்கொண்டே அளக்க வேண்டும். அளவியின் இரு முனைகளையும் ஒரே வடத்தின் இரு கோடிகளில் வைக்க. நல்ல வடமாயின் ஏறத்தாழ ஒன்றும் காட்டாது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் அந்த வடமோ அதன் முனைப்பிடிப்போதான் கள்வன். நேர்முனை வழியைப் பார்த்த கையோடு எதிர்முனை வழியையும் இவ்வாறே பார்க்க. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதனை மறந்துவிடுகின்றனர்.

இரண்டு ஏவிகளும் ஒரே வகையின என்பது நமக்குக் கிடைத்த நற்பேறு. ஏற்றம் மட்டும் நின்றால் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுக. இப்போது ஏற்றம் நடந்து இறக்கம் நின்றுவிட்டால், நோய் ஏவியோடு இடம் பெயர்ந்துவிட்டது. அளவியே இல்லாத பட்டறையிலும் இந்த ஆய்வு முடியும்.

இனி அவ்விளைஞரை ஏமாற்றிய பழுது. கால் இறங்கிற்று, ஏறவில்லை. படகு ஓடும்போது காலை அளவுக்கு மீறி ஏற்றினால் அதன் பக்கத் தாங்கல் விலகிப் பெருஞ்சேதம் விளையும். அதனைத் தடுக்கக் காலின் ஒருபுறத்தில் வரம்புச் சொடுக்கி ஒன்று வைத்துள்ளனர். மறுபுறத்தில் அதனை ஒத்த வடிவில் சாய்வை அளந்து முகப்பிலுள்ள மானிக்குச் சொல்லும் உணரி. உணரி கெட்டால் முள் பொய் சொல்லும். கால் நடப்பதில் தடை இராது. வரம்புச் சொடுக்கி கெட்டாலோ ஏற்றம் நின்றுபோகும். இரண்டும் நீருக்குள் கிடப்பவை. கால் அசையுந்தோறும் அவற்றின் கம்பிகளும் வளைந்து நிமிர்கின்றன. உறை வெடித்து உப்புநீர் புகுந்து செம்பு பச்சைத் தூளாகிறது. கம்பி உறைக்குள்ளேயே அறுந்து கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆனால் இழுவண்டியில் ஏற்றும்போது காலை வரம்புக்கு மேலும் உயர்த்த வேண்டுமே! அதற்கென்று தனியொரு குமிழ் உண்டு. அக்குமிழின் வழி, வரம்புச் சொடுக்கியைத் தொடாமல் நேரே ஏற்ற ஏவிக்குச் செல்கின்றது. விடை முழுவதும் இங்கேயே இருக்கிறது. படகைப் பின்சுவரருகே நிறுத்தி, பொறியை ஓட்டாமல், அந்த இழுவண்டிக் குமிழை ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அதில் கால் ஏறியிருக்கும். ஏறினால் மின்கலம் நன்று, பெரிய உருகி நன்று, ஏற்ற ஏவி நன்று, மின்னோடி நன்று, எக்கியும் நன்று. ஒரே அழுத்தில் ஐவர் குற்றமற்றவர் என்று விடுதலையாகின்றனர். எஞ்சுவது ஏற்றக் குமிழும், வரம்புச் சொடுக்கியும், அவற்றுக்கு இடைப்பட்ட கம்பியுமே. மூன்று திங்கள் கூலியின் ஒரு பகுதியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வேலை, ஒரு விரலின் வேலை.

இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் குமிழ் என் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தது” என்றார்.

உயிரைக் காக்கும் இரண்டு செய்திகளையும் இத்துடன் எழுதிக் கொடுத்தேன். பொறியறையில் கன்னெய் எனப்படும் பெட்ரோலின் ஆவி தங்கியிருக்கும். கம்பிகளைத் தொட்டு இணைத்துப் பொறி பறக்கவிடுவது அங்கே சாவை அழைப்பதாகும். மூடியைத் திறந்து, காற்றோட்டியை இயக்கி, மணம் அறவே நீங்கிய பின்பே கைவைக்க வேண்டும். கழற்றும் வேலை எதுவாயினும் மின்கலத்தின் எதிர்முனை வடத்தை முதலில் நீக்குக. மற்றொன்று, உயர்த்திய காலுக்கு முட்டுக்கட்டை கொடாமல் அதன்கீழ்க் கை நீட்டலாகாது. எண்ணெய்க்குழாய் ஒன்று நழுவினால் பெரும்பளு தலைமேல் இறங்கும்.

இத்துணையும் எழுதியபின் நம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். பகைவரைச் சாடுவது எளிது. நம்மைச் சாடிக்கொள்வதே கடினம். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்பது இன்று வினாவே அன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே அறுவை மருத்துவம் கற்பித்து, நூல்களையும் ஆக்கி வைத்தார். உடற்கூற்றின் நுண்மையைத் தாங்கிய மொழி ஓர் உருகியையும் குமிழையும் தாங்காதா? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. மேலிருந்து கீழே வரும் வழியில் இவை நன்றே. ஆனால் கீழே நிற்பவன் கையில் என்ன இருக்கிறது? கலைச்சொற் பட்டியல்கள் கட்டுக்கட்டாக வெளிவருகின்றன. அச்சொற்களை வைத்து எழுதிய பழுதுபார்ப்பு நூல் ஒன்று கேட்டால் விரல் மடக்கவும் வழியில்லை. சொல்லைச் செய்து பேழையில் பூட்டிவைப்பவர்களாக நாம் ஆகிவிட்டோம். ஏவி என்னும் சொல் நன்றோ தீதோ, அது எண்ணெய் படிந்த கையில் மூன்று நாள் உழன்று பிழைக்கட்டும். பிழைக்காவிடில் போகட்டும், அகரமுதலியில் அதற்கொரு கல்லறை எழுப்ப வேண்டுவதின்று.

பிறமொழிச் சொல்லை வாங்காமல் எந்தக் கடலோடி வாழ்ந்தான் என்று சிலர் வினவுவர். உண்மைதான். சுக்கான் என்பது அரபியர் வழி வந்தது. அவ்விளைஞர் வளைகுடாவில் அரபியர் வாயில் அச்சொல்லைக் கேட்டுத் தம் ஊர்ச்சொல் இங்கும் உள்ளதே என்று வியந்தாராம்! மாலுமி என்பதும் அரபிச் சொல்லே. நமக்கு மீகாமன் இருந்தான். அன்று சொல் கடன் வந்தபோது வேலையறிவு நம்மிடமே இருந்தது. இன்று ‘ரிலே’யும் ‘சொலினாய்டு’ம் வருகின்றன, அவற்றோடு வரவேண்டிய அறிவு ஆங்கிலத் தாளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எனக்குச் சினம் மூட்டுவது இதுவே. சொல்லின் பிறப்பைவிட, அச்சொல் நம் தொழிலாளியை வாயிலில் நிறுத்திவைப்பதே கொடிது.

ஆகவே வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்விதழைப் படிப்போருள் மின்னோடி கட்டுவோர், ஊர்தி பழுதுபார்ப்போர், குளிர்பெட்டி செப்பனிடுவோர் பலர் உள்ளீர்கள். நீங்கள் நாள்தோறும் காணும் பழுதுகளில் ஒன்றை எடுத்து, எந்த ஓசை எந்த நோய், எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் பட்டறைச் சொல்லையே எழுதிக் கீழே கோடிடுங்கள். பிறகு கூடிப் பேசிக்கொள்ளலாம். பிழையற்ற தமிழ் வந்தபின் எழுதுவோம் என்று காத்திருந்தால் கூலியில் பிடித்தம் காத்திராது.

யான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களை அவ்விளைஞர் உடன்கொண்டு போனார். இரண்டு திங்கள் கழித்துக் கைப்பேசியில் அவற்றின் ஒளிப்படம் வந்தது. தாள் முழுவதும் எண்ணெய்க் கறை. ‘ஏவி’ அப்படியே இருந்தது. அப்பட்டறையில் வேலை செய்யும் கீழக்கரைக்காரர் ஒருவரும் அவ்வாறே சொல்லத் தொடங்கியிருக்கிறாராம். எதிர்முனை வடத்தைப் பற்றிய பத்தியில் மட்டும் ‘புவியிணைப்பு’ என்று பழக்கத்தால் யான் எழுதிவிட்ட சொல்லை அடித்து, மேலே ‘பொதுமுனை’ என்று திருத்தியிருந்தார். ஓரத்தில் ஒரு வினாவும் இருந்தது: “கடலில் நிற்கும் படகுக்குப் புவி ஏது ஐயா?” அடுத்த படியில் மாற்றிவிட்டேன்.